கால் கூடுற வரைக்கும்

வாங்க சிஸ்டர், வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். மதுரையிலேருந்து இம்புட்டுத் தூரம் வந்தீங்களாக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரவேண்டாம்னு சொல்லியிருப்பேன். அலைச்சல்லா! அந்த நாற்காலி வேண்டாம், அது எங்க வீட்டுக்காரர் உக்காருறது, ஒரு பக்கம் ஆடும். இதுல உக்காருங்க, காத்தாடிக்குக் கீழ, நல்லாக் காத்து வரும்.

எம் மக சீலி உள்ள தூங்கிக்கிட்டு இருக்கா. இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணசந்தா. எந்திரிக்கட்டும், நீங்க வந்திருக்கீங்கன்னு நானே சொல்லுதேன். ஆசுபத்திரியில அவ வார்டுக்குப் பெரிய சிஸ்டர் நீங்கதான? உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்கா. மொதல்ல காப்பி குடிங்க. கருப்பட்டிக் காப்பிதான், எங்க பக்கம் அதுதான் விசேஷம்.

அந்தக் கதவா? ஆமா, வெளித்தாழ்ப்பாள் போட்டிருக்கு. பூனைத் தொல்லை சிஸ்டர், பக்கத்து வீட்டுப் பூனை. திறந்து போட்டா கட்டிலுக்குக் கீழ போயிக் குட்டி போட்டிரும். வாடை அடிக்கா? பின்னால கருவாடு காயப் போட்டிருக்கு, அதாயிருக்கும்.

யாரு உங்களுக்குச் சொன்னது, அவ இங்க இருக்கான்னு? சீலி போன் எங்கிட்டல்லா இருக்கு. சார்ஜ் போடாம அலமாரியில கெடக்கு. சரி, சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

நீங்க பொட்டு வச்சிருக்கீங்க. குத்தமாச் சொல்லல. எங்க முறைமை உங்களுக்குத் தெரியாதுல்லா, அதனால மொதல்லேருந்து சொல்லுதேன். கேட்டீங்கன்னா அவளை ஏன் உங்ககூட அனுப்ப முடியாதுன்னு உங்களுக்கே விளங்கிரும்.

எனக்குக் கல்யாணமாகி ரொம்பக் காலம் பிள்ளை இல்ல. ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. மறுபடி தங்குனப்ப எங்க வேதக்கோயில்ல போயி முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இதை உயிரோட என் கையில தந்தீர்னா உமக்கே திருப்பித் தாரேன், வடநாட்டு ஊழியத்துக்கு அனுப்பிவைக்கேன்னு பொருத்தனை பண்ணுனேன். பொருத்தனைன்னா, உங்கள்ல நேர்ந்து விடுவீங்கள்லா, கோயிலுக்கு ஆட்டுக்கிடாவ நேர்ந்து விட்டு வளப்பீங்களே, அந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ச்சே, அந்த மாதிரி இல்ல. அது வேற, இது வேற.

ஜெபத்துல கெடைச்ச பிள்ளை, அதான் ஜெபசீலின்னு பேரு.

ஏன் வடநாடுன்னு கேக்கீங்களா? அது ஆண்டவர் எங்கிட்டப் பேசுன பெரிய சாட்சி. எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி எங்க பக்கம் பந்தல் போட்டுப் பெரிய கன்வென்ஷன் நடந்துச்சு. கடைசி நாள் பிரசங்கியார் அழுதுக்கிட்டே கேட்டாவ, அங்க காட்டுக்குள்ள ஜனங்க ஆண்டவரை அறியாமச் சாகுதாங்க, யாரு போவீங்க, போறவங்க எந்திரிச்சு நில்லுங்கன்னு. நான் எந்திரிச்சேன் சிஸ்டர். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. என் பேரைச் சொல்லி, ரூபி, ரூபின்னு கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு. எங்கப்பா அடுத்த மாசமே மாப்பிள்ளை பாத்துட்டாவ. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, நல்ல குடும்பம். நான் என்ன செய்ய? அப்புறம் வீடு, வாசல், கோழி, பெண்கள் சங்கத்துச் செக்ரட்ரி வேலை. போக முடியல. கூப்பிட்டது என்னைத்தான், அதுல சந்தேகமே கெடையாது. அதுக்காகத்தான் பிள்ளையைக் கொடுத்தேன். எனக்குப் பதிலா.

இப்பப் போயேன், உன்னை யாரு பிடிச்சிக்கிட்டு இருக்கான்னு எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டாவ. கேலிதான். எனக்கு மூட்டுவலி சிஸ்டர். அங்கன குளிரு வேற.

அவளை நர்சிங் படிக்க வச்சதே அதுக்குத்தான் பாத்துக்கிடுங்க. மாத்திரை கொடுத்துக்கிட்டே சுவிசேஷமும் சொல்லலாம்லா. படிப்பு முடிஞ்சதும், அம்மா, கொஞ்ச நாள் வேலை பாத்துப் பழகிக்கிடுதேன்னா. சரின்னேன். அங்கதான் தப்பாப் போச்சு. உங்க ஆசுபத்திரிதான் அவளைக் கெடுத்துட்டு. மனசுல வச்சுக்கிடாதீங்க, உள்ளதைச் சொல்லுதேன்.

கோயிலுக்குப் போறதைக் குறைச்சிட்டா. ஞாயித்துக்கிழமை போன் போட்டா வார்டுல இருக்கேங்கா. ஈஸ்டர் அன்னிக்கு நானே சமைச்சு எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறி வந்தேன். விடியக்காலம் எந்திரிச்சு வச்ச ஆட்டுக்கறி. வந்து பாத்தா இவ ஒரு கிழவன் பக்கத்துல உக்காந்து அவனுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருக்கா. அவனுக்கு யாரும் இல்லையாம், மகன் கொண்டாந்து போட்டுட்டு ஓடிட்டானாம். எட்டி, இன்னிக்குக் கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளு, கோயிலுக்குப் போனியாட்டின்னு கேட்டேன். இந்தத் தாத்தா நாலு நாளா வாயே திறக்கலம்மா, இன்னிக்குத்தான் பசிக்குன்னு சொன்னாருங்கா. சொல்லிக்கிட்டே நான் கொண்டுபோன தூக்குவாளியைத் திறந்து அவனுக்கு ஊட்டுதா. நான் வச்ச கறி! அவ ஒரு வாய் சாப்பிடல. நீங்களும் அன்னிக்கு அந்தப் பக்கமா நடந்து போனீங்க, பாத்துச் சிரிச்சீங்க. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

அப்படியே மாசாமாசம் ஒரு கதை. இன்னிக்கு ஒரு பொம்பள செத்துப் போச்சும்மா, கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், அதான் ஆராதனைக்குப் போக முடியல. இன்னிக்குக் கூட வேலை பாக்குற பிள்ளைக்குக் காய்ச்சல், அவ வேலையையும் நான் பாத்தேன். இதுவா ஊழியம்? இதை யாரு வேணும்னாலும் செய்யலாமே. கிறிஸ்தவங்கதான் செய்யணும்னு இல்லையே. நீங்ககூடச் செய்யுதீங்க.

மிஷனெரி ஞாயிறு வந்துச்சு. வருஷத்துக்கொரு நாள் எங்க சபையில ஊழியத்துக்குப் போறவங்களை முன்னால கூப்பிட்டு, தலையில கை வச்சு ஜெபிப்பாவ. பாதிரியாரை நாங்க ஐயர்னு சொல்லுவோம், நீங்க வேற யாரையும் நினைச்சிராதீங்க. நான் முன்னாடியே ஐயர்கிட்டச் சொல்லிட்டேன், சீலி வருவான்னு. அவகிட்டச் சொல்லல. சொன்னா வரமாட்டா. உனக்கு உடம்பு சரியில்லாத அம்மா ஒருத்தி இருக்கா, வந்து பாருன்னு சொல்லி வரவழைச்சேன். பொய் இல்ல, எனக்குச் சுகர் இருக்கு.

ஐயர் கூப்பிட்டாவ. நான் முழங்கையால ஒரு இடி இடிச்சேன். எந்திரிச்சுப் போனா. சபையே பாக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி. மைக்கைக் கையில வாங்கி என்ன சொன்னா தெரியுமா? ஐயா, நான் ஏற்கனவே ஒரு இடத்துக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கேன், சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கணும், அங்க ஒரு பாட்டிக்கு நாளைக்கு ஆபரேஷன், எல்லாரும் அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டா. உக்காந்துட்டா சிஸ்டர்! பெண்கள் சங்கமே திரும்பி என் மூஞ்சியைப் பாக்கு. ஐயராவது கண்டிச்சாவளா? அதுவும் அழைப்புதான் அம்மான்னு எங்கிட்டயே சொன்னாவ. செமினரியில படிச்சா மட்டும் போதுமா? அன்னையிலேருந்து நான் ஐயர்கூடப் பேசுறதில்ல.

யாரு, சீலியா கூப்பிடுதது? அது தூக்கத்துல. அப்படித்தான் அப்பப்ப அம்மான்னு கூப்பிடுவா. கூப்பிடட்டும், நீங்க உக்காருங்க.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூர்லேருந்து ஒரு பிரசங்கியார் வந்தாவ. எனக்காகவே அனுப்புன மாதிரி ஒரு கதை சொன்னாவ. ஒரு மேய்ப்பன்கிட்ட ஒரு குட்டியாடு இருந்துச்சாம். எப்பப் பாத்தாலும் மந்தையை விட்டு ஓடிக்கிட்டே இருக்குமாம். அடிச்சுப் பாத்தான், கட்டிப் பாத்தான், கேக்கல. ஒருநாள் அதைத் தூக்கி மடியில வச்சு, தடவிக்கொடுத்து, ஒரு காலை முறிச்சானாம். முறிச்சிட்டு அவனே கட்டும் போட்டு, தோள்லயே சுமந்தானாம். போற இடமெல்லாம் தோள்ல. கால் கூடுறதுக்குள்ள அந்தக் குட்டிக்கு அவன் வாசம் பழகிப்போச்சு. அப்புறம் எறக்கி விட்டாலும் அவன் காலடியை விட்டுப் போகல. எல்லாரும் அழுதாங்க. நான் அழல. கூட்டம் முடிஞ்சதும் போயிக் கேட்டேன், ஐயா, எம்புட்டு நாள் சுமந்தான்னு. கால் கூடுற வரைக்கும் அம்மான்னாவ. கூடுன பொறவும் ஓடிச்சுன்னான்னு கேட்டேன். ஓடாது அம்மான்னு சிரிச்சாவ. அவியளுக்குப் பிள்ளை கெடையாது. பிள்ளை வளத்தவளுக்குத்தான தெரியும்.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஜெபிச்சேன். ஆமா, கேட்டேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆண்டவரே, ஜெபசீலி காலை முறிச்சாவது அவளை எனக்குத் திருப்பித் தாரும்னு கேட்டேன். எனக்குன்னா உமக்குன்னு அர்த்தம், அவருக்குத் தெரியும். அன்னந்தண்ணி இல்லாமக் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்து, ஏட்டி, பெத்த பிள்ளைக்கு இப்படியா கேப்பன்னு கத்துனாவ. அவிய எப்பவும் அப்படித்தான், விசுவாசம் குறைவு.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்க படிக்கட்டுலதான நடந்துச்சு. லிப்ட் ஓடலன்னு எவனோ ஒரு நோயாளியைக் கைத்தாங்கலா எறக்கியிருக்கா, அவனுக்குக் கால் இடறியிருக்கு. விட்டிருந்தா இவ தப்பியிருப்பா. விடல. அவனைப் பிடிச்சுக்கிட்டு, அவன் பாரத்தை மேல வாங்கிக்கிட்டு, அவனுக்குக் கீழ இவ விழுந்திருக்கா. அவனுக்கு ஒரு கீறல் இல்ல. இவளுக்கு முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சிட்டு. நீங்கதான் எனக்குப் போன் பண்ணுனீங்க, ஞாபகம் இருக்கா? அழாதீங்கம்மான்னு சொன்னீங்க. நான் அழல சிஸ்டர். ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

மாவுக்கட்டுப் போட்டு, காரு வச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். என் கையாலதான் எல்லாம். சோறு ஊட்டுதேன், தலை சீவுதேன், ஒண்ணுக்கு ரெண்டுக்கு எடுக்கேன். தோள்ல சுமக்காததுதான் பாக்கி. காலையிலயும் சாயங்காலமும் பக்கத்துல உக்காந்து வேதம் வாசிக்கேன். மொதல்ல கூடச் சேந்து பாடுவா. இப்பப் பாடுறதில்ல.

கட்டா? பிரிக்கல. ஒன்றரை மாசத்துல வாங்கன்னு டாக்டர் சொன்னது நெசந்தான். அது முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. தெரியும். ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் படிக்காதவ இல்ல. பிரிச்சுட்டா அடுத்த வாரமே நடப்பா. நடந்தா நேரா உங்க வார்டுக்குத்தான் வருவா. தினமும் கேக்கேன், எட்டி, வடநாட்டுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னைக்கே கார் பிடிக்கேன்னு. சொல்லமாட்டேங்கா. பொய் சொல்லி ஆண்டவர்கிட்டப் போக முடியாதும்மாங்கா. ஒரு சொல்லுதான சிஸ்டர், சொன்னா என்ன? என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு.

வாடையா? இல்ல, ஈரம் பட்டுட்டு. மழையில ஓடு ஒழுகிக் கட்டு நனைஞ்சு போச்சு. உள்ள புண் வச்சிருக்கு போல. கருவாடு இல்ல, அந்த வாடைதான். யூடிகோலன் சென்ட்டு தெளிச்சுத்தான் வைக்கேன். சாயங்காலமானா காய்ச்சல் அடிக்கி. காய்ச்சல்ல ஏதேதோ பேசுதா, பெட் நம்பரைச் சொல்லி யாரையெல்லாமோ தேடுதா, அந்தத் தாத்தா சாப்பிட்டாரான்னு கேக்கா. அப்பக்கூட ஆண்டவர் பேரு வரல பாருங்க. விரலா? விரல் மொதல்ல வலிக்கின்னு அழுதா. இப்ப ஒண்ணும் தெரியலங்கா. வலி இல்லாட்டி நல்லதுதான?

சிஸ்டர், உக்காருங்க. எங்க எந்திரிக்கீங்க? தாழ்ப்பாளைத் தொடாதீங்க. இது என் வீடு. நான் இன்னும் முடிக்கல.

வாசல்ல என்ன வண்டிச் சத்தம்? ஓ. வேனா. கூட வாரது எங்க வீட்டுக்காரரு. ரேஷன் கடைக்குப் போறேன்னு காலையிலேயே சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புனாவ. ரேஷன் கடையில வேனா போடுதான்? அப்ப உங்களுக்குச் சொன்னது அவியதான். இத்தனை வருஷம் என் முன்னால வாயைத் திறக்காத மனுஷன்.

ஏங்க, உங்களைத்தான். என் மூஞ்சியைப் பாருங்க. பாக்கமாட்டீங்களாக்கும். நல்லாத் தூக்குங்க, டிரைவர்கிட்டச் சொல்லித் தலைப்பக்கம் பிடிக்கச் சொல்லுங்க. உங்க பிள்ளையை ஆண்டவர் கையிலேருந்து பிடுங்கிக்கிட்டுப் போறோம்னு தெரிஞ்சு தூக்குங்க.

ஏன் சிஸ்டர் அழுவுதீங்க? நெறையப் புண்ணு பாத்தவங்கதான நீங்க. காலை எடுக்க வேண்டியிருக்கும்னா? யாரு, நீங்களா முடிவு பண்ணுறது? டாக்டரா? நான் முறிக்கத்தான் கேட்டேன். எடுக்கணும்னா அது ஆண்டவர் சித்தம். கால் இல்லாத மிஷனெரி எத்தனையோ பேரு இருக்காங்க. அப்பவாவது ஓடாம இருப்பா.

என்னட்டி முனங்குத? சத்தமாச் சொல்லு, அம்மாவுக்குக் கேக்கல. என்னது? சுகர் மாத்திரை மேல் தட்டுல இருக்கா? வேளைக்குப் போடணுமா? சாப்பாட்டுக்கு முந்தியா? சரி, சரி. பாத்தீங்களா சிஸ்டர், வீட்டை விட்டுப் போறப்பக்கூடப் பிள்ளை வாயிலேருந்து என்ன வருதுன்னு. மாத்திரை. ஊழியத்தைப் பத்தி ஒரு வார்த்தை வருதா? இம்புட்டு நாள் நான் வாசிச்ச வேதமெல்லாம் எங்க போச்சு?

போங்க. நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆண்டவர் காரியத்துல குறுக்க நிக்கதுக்கு நான் யாரு? கால் ஒண்ணைத்தான் நான் கேட்டேன், அதுக்கே எல்லாரும் இந்தப் பதறு பதறுதீங்க. அவர்கிட்டக் கேக்கிறதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு.

சிஸ்டர், ஒரு நிமிஷம். வேன் நிக்கட்டும். இம்புட்டு நேரம் பேசுனோம், உங்க பேரைக் கேக்கல பாருங்க. முழுப்பேரும் சொல்லுங்க. பேரு தெரியாம நான் யாருக்காகவும் அவர்கிட்டக் கேக்கிறதில்ல. வீட்டுல பிள்ளைங்க இருக்கா? ஏன் மூஞ்சி இப்படி வெளிறுது? நல்லதுக்குத்தான் கேக்கேன். மூத்த பிள்ளை பேரை மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க.